மருந்து மணக்க

குழாயைத் திறந்தால் சில நாள் தண்ணீருக்கு முன்னால் பிளீச்சிங் பவுடர் வாசனைதான் வருகிறது. மருமகள் மூக்கைப் பொத்திக்கொள்கிறாள். "கிருமி சாகத்தான போடுறாக, குடி தாயி" என்கிறேன். சொல்லும்போதே, குழிமேட்டில் உட்கார்ந்திருந்த அந்தத் தாய் என் கண்ணுக்குள் வந்துவிடுகிறாள்.

ஐம்பதுகளின் கடைசி. மல்லாங்கிணற்றுக்கு அப்பால் ஒரு சிற்றூரில் காலரா பரவியிருந்தது. நர்ஸ் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த நான், எங்கள் மூத்த சிஸ்டருக்குத் துணையாகப் போயிருந்தேன். சிஸ்டருக்கு ஒற்றை நாடிச் சரீரம்தான். ஆனால் அதட்டினால் ஊர்ப் பெரியவர்களே தோள் துண்டை இறக்கிவிடுவார்கள். அந்தக் கரிசல் பூமியில் ஊருக்கே குடிதண்ணீர்க் கிணறு ஒன்றுதான். சாவு விழுந்தால் கிணற்றடிக் கல்லில் கிடத்தித்தான் குளிப்பாட்டுவார்கள். சுற்றுச்சுவர் கிடையாது, ஊற்றிய தண்ணீர் வழிந்து கிணற்றுக்குள்ளேயே திரும்பும். அதைப் பார்த்ததுமே சிஸ்டர், இனி ஒரு பிணமும் இங்கே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை ஒருத்தி, செத்துப்போன மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பிள்ளைக்கு எட்டு வயது இருக்கும். தாயும் மகளுமாக வீட்டில் தீப்பெட்டி ஒட்டிப் பிழைத்தவர்கள். சிஸ்டர் கையை விரித்து மறித்தார்.

"வெரலெல்லாம் பசை காஞ்சு கெடக்கு சிஸ்டர். களுவி, மஞ்சப் பூசிக் கொண்டுபோறேன். ஒரு கொடம் போதும், வழி விடுங்க."

"அந்த ஒரு கொடத்துல ஊரே போயிரும்மா. இங்கன வேண்டாம்." சிஸ்டரின் குரல் உடைந்துவிட்டது. கை மட்டும் இறங்கவில்லை.

கடைசியில் ஊருக்கு வெளியே, வெட்டிய குழியின் ஓரத்தில், பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் தாய் அந்த விரல்களைக் கழுவினாள். வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். பசை லேசில் விடவில்லை. சுண்ணாம்பு தூவி மூடும்போது அவள் அழவில்லை. "மஞ்ச மணக்க அனுப்ப வேண்டிய பிள்ளைய மருந்து மணக்க அனுப்ப வச்சிட்டீகளே" என்றாள்.

அதன்பின் கொஞ்ச நாளில் நோய் அடங்கியது. சிஸ்டர் செய்தது சரி. அந்த இடத்தில் இருந்தால் இன்றைக்கு நானும் அதையே செய்வேன். மறுவருஷம் அம்மை குத்தப் போனபோது அந்தத் தாய் குடத்தோடு எதிரே வந்தாள். ஊரே குடிக்கிற கிணற்றை விட்டுவிட்டு, அடுத்த ஊரிலிருந்து சுமந்து வருகிறாள் என்றார்கள். சிஸ்டர் ஒதுங்கி நின்று வழிவிட்டார். அவள் எங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

மருமகள் ஒரு வழியாகக் குடித்துவிட்டு எனக்கும் ஒரு தம்ளர் ஊற்றி வைத்திருக்கிறாள். வாசனை போகட்டும் என்று ஓரமாக வைத்தேன். வாசனை எப்போதோ போய்விட்டது. தண்ணீர் அப்படியே இருக்கிறது.