கிழக்குக் கரைத் தண்ணீர்

வெயிலில் அவிந்த புல்லும் மக்கிய ஈரச்சாக்கும் சேர்ந்தாற்போன்ற ஒரு நாற்றம், சோளகக் காற்று தொடங்கித் தண்ணீர் வற்றிக்கொண்டு போகும் மாதங்களில், அக்கராயன் என்ற ஊருக்கு அப்பாலிருந்த எங்கள் சின்னக் குளத்தின் கிழக்குக் கரையிலிருந்து எழும். "குளம் பச்சை போட்டிட்டுது" என்பார்கள். தென்மேற்கிலிருந்து அடிக்கும் அந்தக் காற்று, பெயின்ற் ஊற்றியது போன்ற பச்சை ஆடையைக் கிழக்கே ஒதுக்கிவிடும் என்பதால், மாடுகளை மேற்குக் கரைக்குக் கொண்டுபோய்த்தான் தண்ணீர் காட்ட வேண்டும் என்பது ஊர் வழக்கம். அதற்குக் குளத்தைப் பாதி சுற்றி நடக்க வேண்டும்.

பன்னிரண்டு வயதில் ஒரு மத்தியானம் எனக்கு அந்த நடை "பஞ்சி"யாக, சோம்பலாக இருந்தது. எங்கள் இரண்டு பசுக்களையும் கிழக்குக் கரையிலேயே இறக்கினேன். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து எங்களூர் வயல்களில் கூலிவேலை செய்த ராமையா, கொஞ்சம் தள்ளித் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அங்க விடாதீங்க தம்பி, நாத்தம் கொடலப் புடுங்குது."

"மாடில்லாத ஆளுக்கு மாட்டுக் கதை எதுக்கு?" என்றேன். அவர் சிரித்துவிட்டுத் தூண்டிலைப் பார்த்தார்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே சினைப்பசு கால் நடுங்கி விழுந்தது. அதுவும் மற்றதும் பொழுதுபட முன் செத்தன.

"எங்கையடா தண்ணி காட்டினனீ?" என்று கேட்டார் ஐயா, என் அப்பா.

"மேற்குக் கரையில."

"நல்ல தண்ணியைக் குடிச்ச மாடு ஏன் சாகுது? குளத்தடியில ஆரும் நிண்டவையோ?"

"ஓம். ராமையா நிண்டவர்."

இரண்டாவது பதிலில் பொய் இல்லை. முதலாவதோடு சேர்ந்தபோது, ஒரு மனிதரைக் குற்றவாளியாக்க அது போதுமாக இருந்தது. மறுநாள் மீன்களும் செத்து மிதக்க, மீனுக்காக அவர் குளத்தில் நஞ்சு கலந்துவிட்டார் என்று ஊர் முடிவுகட்டிற்று. குளக்கட்டில் கூடியவர்களில் ஒருவர் "தோட்டக்காட்டான்ர புத்தி" என்று மலைநாட்டாரையே இழித்துக் காறித் துப்பினார். ராமையா கூட்டத்துக்குள் என்னைத் தேடிக் கண்டார்.

"தூண்டிலோடதாங்க நின்னேன். தம்பிகிட்டயே கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஐயாவின் இடுப்புச் சாரத்தைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் போனேன்.

அதன்பின் ஒருவரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. ஒரு கிழமைக்குள் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வவுனியாப் பக்கம் போய்விட்டார்.

அந்தப் பச்சையே நஞ்சு என்பதை, நீலப்பச்சைப் பாசி பெருகி ஒதுங்கிய தண்ணீர் ஒரு மாட்டைச் சில மணித்தியாலத்தில் கொல்லும் என்பதை, பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்தபோது அறிந்தேன். அப்போது ஐயா உயிரோடிருந்தார். அப்போதும் சொல்லவில்லை. சொல்லத் துணிந்து ராமையாவைத் தேடி வவுனியாப் பக்கம் போனது, சண்டையும் இடப்பெயர்வும் முடிந்த பிறகு. அவரைத் தெரிந்த ஒருவரையும் காணவில்லை.

இப்போது மேட்டுக்காணிகளுக்குப் போடும் உரப்பசளை மழையோடு குளத்தில் இறங்குவதால், குளம் முந்தியே பச்சை போட்டுவிடுகிறது. மாட்டுப் பட்டிகள் குறைந்துவிட்டன. அன்று குளக்கட்டில் நின்றவர்களில் நான் மட்டும் மிச்சம். ராமையா குடியிருந்த கொட்டில் நின்ற இடமும் தெரியவில்லை. அவர் வழக்கமாகத் தூண்டில் போட்ட இடத்தை மட்டும், ஏனென்று அறியாமலே, எல்லோரும் "நஞ்சன் மூலை" என்கிறார்கள். போன கிழமை அந்தப் பெயரைச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரரிடம், "அவர் நஞ்சு போடேல்லை தம்பி, நான்தான் பொய் சொன்னனான்" என்றேன்.

"ஆர் ஐயா, நஞ்சனோ?" என்று கேட்டார் அவர்.