அவிழ்த்து வைத்த இடுப்புக் கயிறு

அந்தப் படகில் அடுப்பு மட்டும்தான் எப்போதும் நேராக நிற்கும். கடல் எந்தப் பக்கம் சாய்த்தாலும், இரண்டு கொக்கிகளில் தொங்கிய மண்ணெண்ணெய் அடுப்பும் அதன் மேலிருந்த சோற்றுப் பானையும் ஆடி ஆடி நிமிர்ந்துகொள்ளும். நான்தான் விழுந்து எழுவேன். அறுபதுகளின் நடுவில், துறைமுக கேன்டீனில் சமையல் செய்துகொண்டிருந்தவன் நான். மனைவியோடு பாய்மரப் படகில் உலகம் சுற்ற வந்த ஒரு வெள்ளைக்காரக் கேப்டனுக்கு, மாலத்தீவுப் பக்கம் போய்வர இரண்டு ஆட்கள் தேவைப்பட்டார்கள். சமைக்க நான் போனேன். சுக்கான் பிடிக்க, ராயபுரம் கரையில் கட்டுமரம் ஓட்டிய என் அக்கா புருஷன் வந்தார். மாமாவைச் சம்மதிக்க வைத்து இழுத்துப் போனதும் நான்தான்.

தீவுக்குத் தீவு போவோம். குளிக்க ஆளுக்கு ஒரு செம்பு நல்ல தண்ணீர். உலையில் கொஞ்சம் கடல்நீரைக் கலந்துவிடுவேன், உப்பு மிச்சம். மழை வந்தால் பாயைத் தொட்டிபோல் இழுத்துப் பிடித்துத் தண்ணீர் சேர்ப்போம். காலையில் மேல்தட்டில் பறந்து வந்த பறவைக்கோலா மீன்கள் விழுந்து கிடக்கும். அன்றைய குழம்பு அதுதான். கேப்டனும் மாமாவும் முறைவைத்துச் சுக்கான் பிடிப்பார்கள். ஒருவர் பிடித்தால் மற்றவர் தூங்குவார். மேலே தனியாக இருப்பவர் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை இரும்பு வளையத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது கேப்டனின் கட்டளை.

மாமாவுக்கு அது ஆகவே இல்லை. கட்டுமரக்காரன் உடம்பில் கயிறு கட்டமாட்டான். "மரம் கவுந்தா கட்டிக்கினவன் அடியில மாட்டிக்குவான் மச்சான். கட்டாதவன் மரத்தப் புடிச்சிக்கினு பொழைச்சிக்குவான்" என்பார். கடைசியில் கேப்டனின் மனைவி அவர் இடுப்பளவுக்குக் கெட்டித் துணியில் ஒரு பட்டையே தைத்துக் கொடுத்துவிட்டாள். அந்த அம்மாளின் மனம் நோகக் கூடாதென்று கட்டிக்கொண்டார். பத்து நாள் ஒழுங்காகக் கட்டினார்.

பதினோராம் நாள், வெயில் பளிச்சென்று அடித்த ஒரு மதியம். கேப்டனும் மனைவியும் கீழே தூங்கினார்கள். சோறு வேகும்வரை மேலே போய் நின்றேன். நரம்பில்லாத நாக்கு சும்மா இருக்குமா? "இன்னா மாமா, ஆட்டுக்குட்டி கணக்கா கட்டிக்கினு கீற? அக்கா பாத்தா சிரிக்கும்" என்றேன். அவரும் சிரித்தார். பட்டையை அவிழ்த்துக் கொக்கியில் மாட்டினார். "அந்தம்மா எழுந்துக்கட்டும், கட்டிக்கலாம்" என்றார். கஞ்சி வடிக்க நான் கீழே இறங்கினேன். காற்று திசை மாறி, பாயின் அடியிலிருந்த குறுக்குமரம் தடாரென்று மறுபக்கம் அடித்தது. நான் ஏறி வந்து பார்த்தபோது சுக்கானில் யாருமில்லை. அது தானாக இப்படியும் அப்படியும் அசைந்துகொண்டிருந்தது. இருட்டும்வரை தேடினோம். மறுநாளும் தேடினோம்.

படகில் இடுப்புக்குக் கயிறு உண்டு என்று சொல்லித்தான் அக்காவைச் சமாதானப்படுத்திப் போயிருந்தோம். ஊர் திரும்பியதும் அவள் அழுவதற்கு முன்பே ஒன்றுதான் கேட்டாள். "உங்க மாமா கயிறு கட்டிக்கினு இருந்தாராடா?"

"கட்டிக்கினுதான் இருந்தாரு அக்கா. கயிறு அறுந்துபூட்ச்சு."

பாவி நான், என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன பொய் அது. அக்கா நம்பினாள். கல்லறைத் திருநாளில் எல்லோரும் கல்லறைக்குப் போக, அவள் கடற்கரைக் கல்மேல் மெழுகுவர்த்தி ஏற்றுவாள். காற்று அணைக்க அணைக்க நான் தீக்குச்சி கிழித்துக் கொடுப்பேன். சோறு பொங்கும் சத்தம் கேட்டால் இன்றும் எனக்கு மேலே யாரோ சிரிப்பது போலிருக்கும்.

எழுபதுகளின் கடைசியில் அக்கா மகன் துறைமுகத்தில் கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலையில் சேர்ந்தான். கப்பல் பக்கவாட்டில் தொங்கும் பலகையில் நின்று அடிக்க வேண்டும். ஒருநாள் அவனுடைய மேஸ்திரி கேன்டீனில் என்னைப் பிடித்துக்கொண்டார். "உன் அக்கா புள்ள இடுப்புல கயிறே கட்டமாட்டேங்கிறான்பா. கயித்த நம்பித்தான் எங்க நைனா போனாரு, நம்பாதன்னு எங்கம்மா சொல்லிக்கீதுன்றான்."

கரண்டியைப் போட்டுவிட்டு நடந்தேன். அக்கா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். "மாமா கயிறு கட்டல அக்கா. நான் பொய் சொன்னேன்" என்றேன். அவள் கை நின்றது. "கட்டிக்கினு இருந்தவரு ஏன் அவுத்தாரு?" என்று கேட்டாள். ஆட்டுக்குட்டி என்று சொன்னதையும், அவள் சிரிப்பாள் என்று சொன்னதையும் சொன்னேன். மறுநாள் காலை துறைமுக வாசலில், அத்தனை பேர் பார்க்க, மகன் இடுப்பில் அவளே கயிறு கட்டி அனுப்பினாள் என்று மேஸ்திரி சொன்னார். என்னோடு அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை.

போன வருஷம் அக்கா போய்விட்டாள். அவள் மகனுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். கல்லறையில் எல்லோரும் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். நான் குனிந்தபோது அவன் மெதுவாக என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீ மண்ணு போட வேணாம்னு அம்மா சொல்லிட்டுப் போச்சு மாமா. தப்பா எடுத்துக்காத."

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? அவள் புருஷனுக்கு ஒரு பிடி மண் போட அவளுக்கு நான் வழி வைக்கவில்லையே.