பேட்டரிக்கு ஒரு நாள் லீவு

ஊருக்கே கரண்ட் சேமித்துத் தரப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு, நாள் முழுக்கக் கறுப்புக் கம்பளித் துண்டைக் கழுவிக் காயவைப்பதுதான் ஃப்ளோ பேட்டரி ஆராய்ச்சி. இரண்டு டப்பாவில் வனேடியம் கரைசல், அதை ஓடவிட ஒரு பம்ப், நடுவில் கரி நாரால் ஆன எலக்ட்ரோடு. அந்த நாரில் பிஸ்மத் என்ற வினையூக்கியைப் பூசினால் கரண்ட் சுலபமாக ஏறி இறங்கும். காலாப்பட்டு ஆய்வகத்தில் என் வேலை அந்தப் பூச்சுதான். சென்னை நிபுணர் குழு வந்து பார்த்துத் திருப்திப்பட்டால் ஆராய்ச்சி தொடரும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பிஎச்.டி. செய்து நொந்த மகாஜனங்களே, உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

இன்வெர்ட்டர் கத்தியது

லாஸ்பேட்டையில் என் வீட்டு ஓனர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். ஒருநாள் மின்வெட்டில் அவருடைய இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்த, என்னை மரியாதையாக அழைத்துப்போய்க் காட்டினார். இது ஈய பேட்டரி, என்னுடையது வேறு ஜாதி என்று படம் போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டார்.

"பேட்டரிக்குன்னே படிக்கற தம்பி ஒண்ணு நம்ம வீட்லயே இருக்குது. அதுக்கு ஒண்ணும் தெரியல, நீ வா."

ஒழுகாத செல்

எலக்ட்ரோடை அடைத்து வைக்கும் பெட்டியான செல்லின் ஓரத்தில் ஆசிட் கரைசல் கசிந்தது. பாடுபட்டுப் பூசிய எலக்ட்ரோடோடு செல்லை அப்படியே எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் லேத் பட்டறையில் கொடுத்து, ஓரத்தைச் சரிசெய்யச் சொன்னேன். திரும்ப வாங்கிப் பார்த்தால் கரி நார் முழுக்கப் பளபளவென்று எண்ணெய்ப் பசை. பிஸ்மத் அடியில் சமாதியாகிவிட்டது. பட்டறைக்காரர் முகத்திலோ அப்படியொரு பெருமை.

"கிரீஸ் நல்லா தடவி வெச்சிருக்கேன் சார், ஜென்மத்துக்கும் துருப்பிடிக்காது!"

ஆயுத பூஜை

புது எலக்ட்ரோடு அற்புதமாக ஓடியது. குழு வரும்வரை நிறுத்தாமல் ஓட்டிக் காட்டுவதாகத் திட்டம். நடுவில் வந்தது ஆயுத பூஜை. பம்ப், பவர் சப்ளை, தராசு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது என்பது எங்கள் ஆய்வகத்தில் மீற முடியாத சட்டம். இது ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள் சார் என்று என் கைடிடம் கெஞ்சினேன். கோயில் பக்கமே போகாத மனிதர், தானே போய் ஸ்விட்சை அணைத்தார்.

"அதுக்கு ஒரு யூனியன் இருந்தா இந்நேரம் ஸ்ட்ரைக் பண்ணியிருக்கும்யா, ஒரு நாள் தூங்கட்டும்."

குழு வந்தது

நிபுணர் குழுவின் தலைவி சிரிப்பே அறியாதவர். என் வரைபடத்தின் நடுவே பள்ளம். இது என்ன என்று விரலை வைத்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆயுத பூஜை மேடம்" என்றேன். அவர் பள்ளத்துக்கு முந்திய கோட்டையும் பிந்திய கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் ஒரே உயரம். நின்று கிளம்பியும் பூச்சு உதிரவில்லை.

"நிக்காம ஓடறதத்தான் எல்லாரும் காட்டறாங்க. கரண்ட் போய்ப் போய் வர்ற ஊருக்கு, படுத்து எழுந்திரிக்கற பேட்டரிதான் வேணும். இவர் கன்டினியூ பண்ணட்டும்."

கட்டுரை எழுதும்போது அந்தப் பள்ளத்துக்குத் 'திட்டமிட்ட ஓய்வுச் சோதனை' என்று கௌரவமாகப் பெயர் வைத்து, சரஸ்வதியை மட்டும் ஆசிரியர் வரிசையில் சேர்க்காமல் விட்ட நன்றிகெட்டவர்கள் நாங்கள்.