கெட்டிலில் விட்ட இடம்

பெயின்டிங் மேஸ்திரி பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவர். வாளியும் பிரஷ்ஷுமாகத் தொடங்கி, பெரிய பெரிய கட்டடங்களைத் தன் கைக்குள் கொண்டுவந்த மனிதர். சுவரில் நகக்கண் அளவு இடம் விட்டவனைக்கூட அன்றைக்கே ஏணியை விட்டு இறக்கிவிடுவார்.

ஓய்வு பெற்றதும் வாட்டர்கலர் வகுப்பில் சேர்ந்தார். கலை ஆசை எதுவும் இல்லை, எல்லாம் மச்சானால் வந்தது. மனைவியின் அண்ணன், படித்த தலைமை குமாஸ்தா, தான் வரைந்த பூச்சாடியைக் கொண்டுவந்து மேஸ்திரி வீட்டுக் கூடத்தில் ஆணியடித்து மாட்டிவிட்டார். வந்தவர்கள் படத்தை மெச்சினார்கள். மேஸ்திரி அடித்த சுவரை ஒருவனும் பார்க்கவில்லை!

"வர்ற வாட்டர்கலர் கண்காட்சியில யாரு பரிசு வாங்குறாங்களோ அவங்க படம் அந்த ஆணியில தொங்கட்டும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் என் உயிரை எடுக்காதீங்க" என்றாள் மனைவி.

மேஸ்திரி கெட்டிலையும் வெங்காயத்தையும் மேசையில் வைத்து வரையத் தொடங்கினார். வகுப்பு டீச்சர் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னாள்: "ஐயா, வெளிச்சம் விழுற இடத்துல பேப்பரை வெள்ளையா அப்படியே விடணும்."

"விடுறதா? என் சர்வீஸ்லயே விட்டதில்லம்மா."

இரண்டாவது கோட் வாங்கி வாங்கி அவருடைய கெட்டில்கள் எல்லாம் கரிச்சட்டியாயின.

படம் கொடுக்க வேண்டிய கடைசி நாளன்று, கெட்டிலின் வயிற்றை முடிப்பதற்குள் மனைவி அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். "அது போஸ் குடுத்தது போதும், தண்ணி கொதிக்க வைக்கணும்." மேஸ்திரி கத்திப் பார்த்தார். அடுப்பு பற்றிக்கொண்டது. படம் அரைகுறையாகவே கண்காட்சிக்குப் போனது.

அங்கே டீச்சர் நடுவரைப் பிடித்து நிறுத்தினாள். "அந்த வெள்ளையைப் பாருங்க சார்! கெட்டில் பளபளன்னு மின்னுது!" நடுவரும் தலையாட்டினார். முதல் பரிசுச் சீட்டை எடுத்துவர இருவரும் உள்ளே போனார்கள்.

பக்கத்தில் தொங்கிய தன் பூச்சாடியை விட்டு மச்சான் மெல்ல நகர்ந்து வந்தார். "என்ன மாப்ளே, ஒரு இடம் விட்டுட்டீங்களே."

"யாரு, நானா?"

"நடு வயித்துல. உங்க ஆளுங்க விட்டிருந்தா சும்மா இருப்பீங்களா? பாவம், வயசாயிடுச்சு."

மேஸ்திரியின் காது சிவந்தது. பிள்ளைகள் வரைய வைத்திருந்த வண்ணப் பெட்டியை இழுத்தார். கண்ணாடி போடாத படம், வசதியாகப் போயிற்று. நடுவர் சீட்டோடு வெளியே வந்தபோது இரண்டாவது கோட் காய்ந்துகொண்டிருந்தது. சீட்டு இரண்டு அடி நகர்ந்து பூச்சாடியின் கீழ் ஒட்டிக்கொண்டது. டீச்சர் நாற்காலி தேடி உட்கார்ந்தாள்.

கூடத்து ஆணிக்கு அன்றும் வேலை மாறவில்லை. மச்சான் பூச்சாடியை நேராக்கிவிட்டு, "எது எப்படியோ மாப்ளே, உங்க ஃபினிஷிங் யாருக்கும் வராது" என்றார்.

"கேட்டியாடி, படிச்ச மனுஷனே சொல்றாரு!" என்று மேஸ்திரி அடுக்களையைப் பார்த்து முழங்கினார்.