டைமரை மாற்றியவர்

அப்பா ரெங்கராஜ் ஏசி மெக்கானிக். ஷார்ஜா முவைலாவில் ஒரே அறையில் பத்தொன்பது வருடம். கடைசி இரண்டு வருடம் துபாயில் ஒரு யூத ஜெபக்கூடத்தில் டூட்டி. ஓய்வுநாளான சனிக்கிழமை அவர்கள் சுவிட்சைத் தொடமாட்டார்கள். வெள்ளி மாலைக்குள் ஏசிக்கு டைமர் வைத்துவிட்டு வருவது அப்பாவின் வேலை.

சென்ற ஜூலையில் ஒரு சனிக்கிழமை ஏசி ஓடவில்லை. முதியவர் ஒருவர் மயங்கி விழுந்தார். கூடத்தின் மேலாளர் யோனா, அப்பாவின் கவனக்குறைவு என்று கம்பெனிக்குப் புகார் எழுதினார். அப்பாவுக்கு மெமோ, வேறு சைட். ஆகஸ்டில் மாரடைப்பு. ஊரில் எரித்தோம். சாம்பலைக் காவிரியில் கரைத்தோம்.

செப்டம்பரில் யோனாவின் கடிதம் ஓமானின் சோஹாருக்கு வந்தது. மகள் நான் அங்கே ஓர் ஆலையில் கருவிப் பொறியாளர். அப்பா வைத்த டைமரை அவர் கிளம்பும் முன்பே தவறாக மாற்றியது தான்தான் என்று எழுதியிருந்தார். பிழை, வருத்தம், இனிச் செய்யமாட்டேன் என்ற உறுதி எல்லாம் வரிசையாக இருந்தன. மன்னிப்பும் கேட்டிருந்தார். எனக்குள் எதுவும் அசையவில்லை.

போனில் கேட்டேன். “அழுதீர்களா?”

“இல்லை. தவறு புத்திக்குத் தெளிவாகத் தெரிகிறது. மனம்தான் வரவில்லை. புத்தி போதும் என்பவர்கள் எங்களில் உண்டு. உள்ளம் உடையாமல் பயனில்லை என்பவர்களும் உண்டு.”

“நீங்கள்?”

“தெரியவில்லை. இறந்தவரின் கல்லறை முன் பத்துப் பேர் கேட்க ஒப்புக்கொள்வது எங்கள் முறை. உங்கள் தந்தைக்குக் கல்லறை இல்லையே.”

“அவர் படுத்த கட்டில் அறையில் இருக்கிறது” என்றேன்.

ஞாயிறு காலை முவைலா அறையில் அப்பாவின் கூட்டாளி ராக்கப்பன் ஆட்களை எண்ணினார். “நாங்க ஒம்பது, பாப்பாவோட பத்து. கோரம் சேந்தாச்சு பாய், யல்லா, ஆரம்பிங்க.”

யோனா கட்டில் முன் நின்று தாளை உடைந்த இந்தியில் வாசித்தார். “கல்தி மேரா. ரெங்கராஜ் கா நஹி.” தவறு என்னுடையது, ரெங்கராஜுடையது அல்ல. குரல் அளந்து வந்தது.

ராக்கப்பன் அப்பாவின் டூல் பாக்ஸிலிருந்து மெமோவை எடுத்து என்னிடம் தந்தார். பின்பக்கம் அப்பா பென்சிலில் வரைந்த டைமரின் படம். அதில் யோனா மாற்றி வைத்த நேரம்.

“அண்ணனுக்கு அப்பவே தெரியும் பாப்பா. ஏன் சொல்லலன்னு கேட்டோம். ‘கெளம்பறப்ப எப்பவும் இன்னொரு தடவ பாப்பேன். அன்னைக்கு வண்டி போயிரும்னு ஓடிட்டேன். அவரு மட்டுமா தப்பு’ன்னாரு.”

யோனாவுக்கு அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். தாளில் இல்லாததைச் சொன்னார். “புகார் எழுதும்போதே எனக்குத் தெரியும். என் வேலை போய்விடும் என்று பயந்தேன்.” சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார்.

புத்தியா, மனமா, எது முதலில் வந்தது? கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். பிடிபடவில்லை.

“மன்னிப்பீர்களா?”

“இப்போது சொன்னதைக் கம்பெனிக்கு எழுதுங்கள்.”

டூல் பாக்ஸிலிருந்த அப்பாவின் பென்சிலை எடுத்து, மெமோவின் மேலேயே எழுதிக் கையெழுத்திட்டார். ராக்கப்பன் வாங்கி ஒவ்வொருவருக்கும் காட்டினார். கடைசியாக என்னிடம் வந்தது. இரண்டு முறை படித்தேன்.

“என் பங்குக்கு மன்னித்தேன்” என்றேன்.