கிரீடம் போட்ட பெல்ட்

கருப்பண்ணனை ரஞ்சன்குடி வட்டாரத்தில் சர்க்கார் ஆளாக்கியது கலெக்டர் இல்லை, குடலிறக்கம்.

யுத்த காலம். பருத்தி மூட்டை தூக்கித் தூக்கி அவனுக்கு அடிவயிற்றில் குடல் பிதுங்கிவிட்டது. பெரம்பலூர் டாக்டர் சிவசுப்பிரமணியன் இலவசமாக ஒரு பெல்ட் கொடுத்தார். தோல் பட்டை, உள்ளே எஃகுத் தகடு, முன்னால் பித்தளைக் கொக்கி. செய்த கம்பெனிக்காரன் கொக்கியில் ஒரு கிரீடத்தைப் பொறித்து வைத்திருந்தான். வேட்டிக்கு உள்ளே, உடம்போடு ஒட்டிக் கட்ட வேண்டும் என்றார் டாக்டர். ராஜாவின் கிரீடத்தைக் கோவணத்தோடு சேர்த்துக் கட்டுவதாவது? சர்க்காருக்கு அது அவமரியாதை என்று கருப்பண்ணனுக்குப் பட்டது. வேட்டிக்கு மேலே கட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான்.

எங்கள் பக்கத்தில் பித்தளை பளபளக்க பெல்ட் கட்டுகிறவன் தாலுகா ஆபீஸ் சேவகன் ஒருவன்தான். ஊர் பார்த்தது, தானே முடிவு கட்டிக்கொண்டது. அவனும் இல்லையென்று சொல்லவில்லை. சொல்வானேன்? எங்கள் மேலத்தெருவில் அவன் தெருக்காரர்கள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். எழுதவே கூசுகிறது, ஆனால் அன்றைக்கு அதுதான் நடைமுறை. பெல்ட் வந்த பிறகு கருப்பண்ணன் செருப்புக் காலோடு நடந்தான். ஒரு செருப்புச் சத்தத்துக்கு ஊரையே கூட்டுகிற மிராசுதார் தர்மராஜுகூட அவன் இடுப்பைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் மனைவி ஆண்டாயி கொக்கியைப் புளி போட்டுத் தேய்ப்பாள். பெல்ட்டும் வெளியேதான் இருக்கிறது, குடலும் வெளியேதான் இருக்கிறது என்று நொடித்துக்கொள்ளவும் செய்வாள்.

மறுவருஷம் திருமானூரில் ஒருவன் வரப்பு வெட்டக் குனிந்தபோது பெல்ட்டுக்குள் இருந்த தகடு ஒடிந்து வயிற்றில் ஏறிவிட்டது. அந்தச் சரக்கு முழுவதையும் திரும்ப வாங்கிவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. டாக்டர் ஊர் ஊராகச் சொல்லியனுப்பினார். ஒருவரும் கொண்டுவரவில்லை. இலவசமாக வந்ததைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் எங்கள் ஜனங்களுக்குக் கிடையாது. கடைசியில், மருந்துக்கு வந்த கருப்பண்ணனின் இடுப்பைப் பார்த்ததும் டாக்டருக்கு யோசனை பிறந்தது. யார் யாரிடம் பெல்ட் இருக்கிறது என்று சொல்லி, போய் வாங்கி வரச் சொன்னார்.

"என்னுதுங்க?" என்றான் கருப்பண்ணன்.

"கடைசியா அதையும்தான்பா."

திருமானூர்க்காரன் பிழைத்தானா என்று கேட்டான். பிழைத்தான், ஆனால் பாதி ஆள்தான் மிச்சம் என்றார் டாக்டர். கருப்பண்ணன் புறப்பட்டான்.

செட்டிகுளத்தில் ஒருவர் பெல்ட்டைக் காளையின் கழுத்தில் கட்டி மணி கோத்திருந்தார். காளைக்கு எப்போது குடல் இறங்கியது என்று விசாரணை நடத்தித்தான் அதை வாங்க வேண்டியிருந்தது. இன்னொரு வீட்டில் அதில் குழந்தைக்குத் தூளி ஆடிற்று. நிஜமாகவே வயிற்றில் கட்டியிருந்தவர்களும் இருந்தார்கள். தங்களிடமும் அதே கிரீடம்தான் என்றாலும், வேட்டிக்கு மேலே அதைக் கட்டி வந்தவன் சர்க்கார் ஆள்தான் என்று எல்லோரும் மரியாதையாக அவிழ்த்துக் கொடுத்தார்கள்.

ஒருவர்தான் பாக்கி. டாக்டர் குரலைத் தாழ்த்திச் சொன்ன பெயர் அது. தர்மராஜ்.

அவர் வீட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்று விஷயத்தைச் சொன்னான். தர்மராஜ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மாட்டுக்கொட்டகைக்குள் போனார். வேட்டிக்குள்ளிருந்து அதே பெல்ட்டை, அதே கிரீடத்தை உருவிக்கொண்டு வந்தார். ஆக, ஆண்டாயியை விட்டால், அது எந்த உத்தியோகத்துப் பெல்ட் என்று முதல் நாளே தெரிந்த ஒரே ஆள் ஊரில் அவர்தான். அதை வெளியே சொல்வதானால் தன் வயிற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதனால்தான் அந்தப் பெரிய மனிதர் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்.

"வெளிய தெரிய வேணாம், கருப்பண்ணா" என்றார்.

"எதுங்க?" என்றான் இவன்.

பெரம்பலூரில் எல்லாவற்றையும் மேஜைமேல் குவித்துவிட்டான். தன்னுடையதைக் கடைசியாக அவிழ்த்தான்.

"இது இல்லாம எந்தத் தெரு வழியாங்க வூட்டுக்குப் போறது?"

டாக்டரிடம் அதற்கு மருந்து இல்லை. பெல்ட்டை வாங்கி வளைத்துப் பார்த்தார். தகடு உள்ளேயே இரண்டாக ஒடிந்து கிடந்தது. வேட்டி மடிப்புக்கு மேலே கட்டியிருந்ததால் தோலை எட்டவில்லை. ராஜாவுக்குக் காட்டிய மரியாதை வயிற்றைக் காப்பாற்றியிருக்கிறது. டாக்டருக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை.

மாலையில் கருப்பண்ணன் வெறும் இடுப்போடு மேலத்தெரு முனைக்கு வந்தான். செருப்பைக் கையில் எடுக்கக் குனிந்தான். குனிந்தவன் எடுக்காமலே நிமிர்ந்து நடந்தான். எனக்கு அந்த நிமிர்வுதான் பிடிக்கும்.

தர்மராஜின் மைத்துனர் அரங்கநாதன், பெல்ட் எங்கேடா என்று கேட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். கருப்பண்ணன் வாசலில் நின்ற தர்மராஜின் அடிவயிற்றைப் பார்த்தான். சும்மா பார்த்தான், அவ்வளவுதான்.

தர்மராஜ் தோள் துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டார்.

"விடு மாப்ளே. அவருக்கு வேலை ஒசந்துடுச்சு. இனிமே பெல்ட்டு கட்ட வேணாம்னுட்டாங்களாம்."

அதற்கடுத்த வருஷம் கருப்பண்ணன் திருச்சிக்குப் போய்க் குடலை உள்ளே வைத்துத் தைத்துக்கொண்டு வந்தார். சாகும்வரை எங்கள் தெருவில் செருப்போடுதான் நடந்தார்.