ராஜஸ்தானில் செல்வராசுவின் சாதி

இன்று காலை ஊரிலிருந்து விடுதிக்குத் திரும்ப, ராசிபுரம் பஸ்ஸுக்காக நின்றபோது செல்வராசுவைப் பார்த்தேன். எங்கள் தெருக்காரன். பத்தாவதில் தோற்று, திருச்செங்கோட்டு போர்வெல் லாரியில் ராஜஸ்தானுக்குப் போனவன்.

அந்த ராஜஸ்தானின் கோட்டைகளையும் பாலைவனத்தையும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த நான் சேலத்தைத் தாண்டியதில்லை. வயிறு எரிந்தது.

"கோட்டையெல்லாம் பார்த்தியாடா?" என்றேன்.

"அதுக்கெங்கடா நேரம்? மண்ணு, வெயிலு, தொளை போடற ரிக்கு மிஷினு. ஆனா ஒரு ஊட்டுக்குள்ள கட்டல்ல ஒக்கார வெச்சு, அவுங்க சொம்புலயே மோர் குடுத்தாங்க."

"சாதி கேக்கலையா?"

"கேக்காம இருப்பாங்களா? மொதக் கேள்வியே அதான். பயந்துக்கிட்டு 'மதராசி'ன்னேன். அப்படியொரு சாதி இருக்குதாக்கும்னு உட்டுட்டாங்க."

எதிர்க் கடையில் டீ சொன்னோம். கடைக்காரர், "வாடா செல்வராசு, வடக்க போயிட்டு வந்துட்டியாமா!" என்று சிரித்துக்கொண்டே, எங்கள் தெருவுக்கென்று கூரையில் செருகியிருக்கும் கிளாஸ்களைக் கைகாட்டினார்.

"நான் மதராசிங்க" என்றான் செல்வராசு.

கடையே சிரித்தது. கிளாஸ் மாறவில்லை. எடுத்துக் கழுவிக் குடித்தோம்.

அடுத்த வாரம் அவன் மறுபடியும் வண்டி ஏறுகிறான். கோட்டைகளுக்காக இப்போது எனக்குப் பொறாமையில்லை. அந்த ஒரு சொம்பு மோருக்காகத்தான் எரிகிறது.

மதராசி ஆவதற்கு ராஜஸ்தான் வரை போக வேண்டியிருக்கிறது. இதைவிடப் பக்கத்தில் ஏதாவது ஊர் தெரிந்தவர்கள், விடுதிச் சுவரில் ஒட்டியிருக்கும் இந்தத் தாளின் கீழேயே எழுதுங்கள். இடம் விட்டிருக்கிறேன்.